சுழற்கோப்பை: கடைக் கோப்பையா, சுவாமிமலையா, நாச்சியார்கோவிலா?

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்ப் பக்கம் பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் மின்னொளிக் கபடி நடக்காத வருஷம் கிடையாது. பரிசுத் தொகையை ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தேற்றிவிடுவோம். கோப்பை மட்டும் கடைசி நேரத்தில், கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான். இந்த முறை விழாக்குழு வேறு முடிவு எடுத்திருக்கிறது. வருஷா வருஷம் கைமாறும் சுழற்கோப்பை ஒன்றை, நாமே வடிவமைத்துச் செய்யவேண்டும். ஐந்து யோசனைகள் வந்தன: கடையில் விற்கும் உயரமான கோப்பை, அக்ரிலிக், தஞ்சாவூர்க் கலைத்தட்டு, சுவாமிமலை வெண்கல வார்ப்பு, நாச்சியார்கோவில் பித்தளை வேலை. எல்லாவற்றையும் விசாரித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும்.

எந்த உலோகம், என்ன உயரம் என்று பேசுவதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கோப்பை யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே நல்ல பதில் இருக்கிறது. 1888இல் சிம்லாவில் தொடங்கிய டூராண்ட் கால்பந்துப் போட்டியில் வெல்லும் அணிக்கு மூன்று கோப்பைகள் தருகிறார்கள். டூராண்ட் கோப்பையும் சிம்லா கோப்பையும் சுழற்கோப்பைகள், அடுத்த ஆண்டு திரும்ப வந்துவிடும். குடியரசுத் தலைவர் கோப்பை மட்டும் வென்றவர்களுக்கே. போட்டிக்கென்று ஒரு நிலையான அடையாளமும் இருக்கிறது, ஜெயித்தவன் வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றும் இருக்கிறது. சின்ன ஊருக்கும் இதுதான் சரியான ஏற்பாடு.

'மூன்று முறை ஜெயித்தால் கோப்பை உங்களுக்கே' என்ற விதியைப் பல ஊர்களில் பெருமையாகச் சொல்வார்கள். அதை வைக்காதீர்கள். உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் கோப்பையான ஜூல் ரிமே கோப்பைக்கு அந்த விதி இருந்தது. 1970இல் மூன்றாவது முறையாக வென்ற பிரேசிலுக்கு அது நிரந்தரமாகப் போனது. 1983இல் ரியோவில் திருடு போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்கு முன்பே 1966இல் லண்டனில் ஒருமுறை திருடப்பட்டு, பிக்கிள்ஸ் என்ற நாய் மோப்பம் பிடித்துக் கண்டெடுத்த கோப்பை அது. இப்போதுள்ள கோப்பையின் அசலை ஃபிஃபா யாருக்கும் சொந்தமாகத் தருவதில்லை. வென்ற நாட்டுக்குத் தங்க முலாம் பூசிய வெண்கலப் பிரதிதான். நம் ஊரில் திருட்டு பயத்தைவிட, கோப்பை போன இரண்டு மாதத்தில் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்றே தெரியாமல் போகும் பயம்தான் அதிகம். ஆகவே அசல் ஊருக்கு, சின்னது அணிக்கு.

இரண்டாவது, தூக்குவது. கோப்பை அலமாரியில் இருக்கும் பொருள் என்று நினைத்து வடிவமைத்தால் அங்கேயே தவறிவிடுவோம். அதன் வாழ்க்கையில் முக்கியமான பத்து நிமிஷம், இரவு ஒரு மணிக்கு, வியர்வையும் மண்ணும் அப்பிய ஏழு பேர் அதைத் தலைக்கு மேல் தூக்கும் நேரம்தான். அந்தக் கைகள் எங்கே பிடிக்கும்? வழுக்குமா? கீழே விழுந்தால் என்ன ஆகும்? 2011இல் ஸ்பெயினின் கோபா டெல் ரே கோப்பையை வென்ற ரியல் மாட்ரிட் அணி, திறந்த பேருந்தில் ஊர்வலம் போனது. செர்ஜியோ ராமோஸ் கையிலிருந்து கோப்பை நழுவிச் சாலையில் விழ, அந்தப் பேருந்தே அதன் மேல் ஏறியது. அவர்களிடம் மாற்றுக் கோப்பை இருந்தது. நம்மிடம் இருக்காது.

எடையும் இதோடு சேர்ந்த கேள்வி. ஃபிஃபா கோப்பை 36.8 செ.மீ. உயரம், ஆறு கிலோவுக்குச் சற்று மேல். ஐசிசி கிரிக்கெட் உலகக் கோப்பை 60 செ.மீ., சுமார் 11 கிலோ. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை ஏறக்குறைய 90 செ.மீ., 15 கிலோவுக்கும் மேல். மூன்றையும் தூக்கித்தான் கொண்டாடுகிறார்கள், ஆனால் ஒரே ஆள் ஒரே கையில் லாவகமாக உயர்த்துவது முதலாவதைத்தான். விளையாடிக் களைத்தவன் தூக்க ஐந்திலிருந்து ஏழு கிலோவுக்குள் இருப்பது நல்லது என்பது என் கணக்கு. அதற்குக் கீழே போனால் கையில் கனம் தெரியாது. கோப்பையைக் கையில் வாங்கும்போது தோள் ஒரு கணம் இறங்கவேண்டும். அது இல்லாவிட்டால் மேடையில் எவ்வளவு பளபளத்தாலும் மதிப்பாக இருக்காது.

இப்போது வரிசையாகப் பார்க்கலாம்.

கடையில் விற்கும் நான்கடி, ஐந்தடிக் கோப்பை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே ஒரு மேடை, அதன்மேல் மூன்று நான்கு தூண், மேலே இன்னொரு மேடை, அதற்கும் மேல் கோப்பை, உச்சியில் தங்க நிறப் பொம்மை. பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் மெல்லிய தகடும். புகைப்படத்தில் மேடை நிறையத் தெரியும், மலிவு, அன்றைக்கே கிடைக்கும். இதன் பலவீனம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. தூணுக்குள் ஓடும் நீளக் கம்பியும், அடியில் அதை இறுக்கும் நட்டும்தான் முழுக் கோப்பையையும் தாங்குகின்றன. இரண்டு முறை வேனில் போய் வந்தால் நட்டு தளரும், கோப்பை ஆட்டம் கொடுக்கும். இறுக்கினால் பிளாஸ்டிக் விரியும். ஒரு வருஷத்துக்குப் பரிசு என்றால் சரி. இருபது வருஷம் சுற்றிவர இதற்குத் தெம்பு கிடையாது. சிறந்த ரைடர், சிறந்த கேட்சர் போன்ற தனிநபர் பரிசுக்கு இதில் சின்னதை வாங்கிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அக்ரிலிக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டுவது சுலபம், எழுத்து துல்லியமாக வரும், நவீனமாக இருக்கும். கீறல் விழுந்தால் மங்கிவிடும், விளிம்பு தட்டினால் சில்லு தெறிக்கும். அலுவலக விருதுக்குப் பொருத்தம். கபடிக்கு ஒட்டவில்லை.

தஞ்சாவூர்க் கலைத்தட்டு வேறு ரகம். பித்தளைத் தட்டின் மேல் வெள்ளித் தகட்டில் புடைத்தெழும் உருவங்களைப் பதித்து, அந்தப் புடைப்பின் பின்பக்கத்தை அரக்கு வைத்து நிரப்பி, செம்பும் சேர்த்து மூன்று உலோகத்தின் மூன்று நிறத்திலும் செய்யும் வேலை. புவிசார் குறியீடு பெற்றது. ஷீல்டு வேண்டும் என்றால் இதைவிட அழகானது நம் பக்கத்தில் இல்லை. நடுவில் வழக்கமான தெய்வ உருவத்துக்குப் பதிலாக ரைடர் ஒருவன் நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டும் காட்சியைப் புடைப்பாக எடுக்கச் சொல்லலாம். அச்சு ஒன்று புதிதாகச் செய்யவேண்டியிருக்கும், செலவு அதில்தான். ஆனால் தட்டு சுவரில் மாட்டிப் பார்க்கும் பொருள். ஏழு பேர் சேர்ந்து தூக்கினால் முகப்பு ஒருவன் மார்புக்குப் பின்னால் மறைந்துவிடும். வெள்ளித் தகடு மெல்லியது, அழுத்திப் பிடித்தால் நசுங்கும். எனக்கு இது சுழற்கோப்பையாகப் படவில்லை. டூராண்டில் சொன்ன மாதிரி, ஜெயித்த அணி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் பரிசாகச் சிறிய தட்டு ஒன்று தருவதற்கு இதுதான் முதல் தேர்வு.

மீதி இரண்டுதான் உண்மையான போட்டி.

சுவாமிமலை என்றதும் குழுவில் எல்லோர் முகமும் மலர்ந்தது, எனக்கும்தான். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, அந்த மெழுகில் உருவத்தை முழுமையாகப் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, காய்ந்தபின் சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்கவேண்டும். ஆகவே ஒரு அச்சு ஒரு சிலைக்குத்தான். நமக்குக் கிடைக்கும் கோப்பை போல உலகத்தில் இன்னொன்று இருக்காது என்பதை ஸ்தபதி சத்தியம் செய்து தரலாம். இரண்டு வீரர்கள் பிடிக்கும் பிடியில் தசை முறுக்கேறுவதை இவ்வளவு உயிரோடு வேறு எந்த முறையிலும் கொண்டுவர முடியாது.

சிக்கல் எடையில் வருகிறது. சுவாமிமலையின் வழக்கம் கனவார்ப்பு, அதாவது உள்ளே பொள்ளல் இல்லாமல் முழு உலோகம். 45 செ.மீ. உயரமுள்ள உருவம், சராசரியாக 8 செ.மீ. குறுக்களவு என்று வைத்துக்கொண்டால், 2,260 கன செ.மீ. வெண்கலம். கிட்டத்தட்ட 20 கிலோ. அது தூக்கும் கோப்பை இல்லை, பிரதிஷ்டை செய்யும் சிலை. எடையைக் குறைக்க உயரத்தை 25 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் கையில் அழகாக இருக்கும், கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவனுக்கு என்ன உருவம் என்றே தெரியாது. ஃபிஃபா கோப்பையைப் பற்றியும் இதே கணக்கை ஒருவர் போட்டிருக்கிறார். அது உள்ளேயும் முழுத் தங்கமாக இருந்தால் 70 கிலோவுக்கு மேல் இருக்கவேண்டும், ஆகவே பொள்ளலாகத்தான் இருக்கமுடியும் என்று வேதியியலாளர் மார்ட்டின் பொலியாகாஃப் 2010இல் சொன்னார். சில்வியோ கட்சானிகா வடித்த அந்த உருவம், சுழன்றெழும் இரண்டு மனிதர்கள் பூமியைத் தாங்குவது, இவ்வளவு உயிரோட்டமாக இருந்தும் ஒரே கையில் உயர்கிறது என்றால் காரணம் அதுதான். அதோடு நடுவில் கை பிடிக்க இடுப்புப் போல் குறுகிய இடமும் விட்டிருக்கிறார்.

பொள்ளலாக வார்க்கவும் முடியும், உள்ளே மண் கரு வைத்துச் செய்வார்கள். வேலை கூடும், கூலியும் கூடும். அப்புறம் பெயர்ப் பிரச்சினை. உருவச் சிலையில் இருபது வருஷத்து வெற்றியாளர் பெயர்களை எங்கே வெட்டுவது? பீடத்தில்தான். பீடம் நிறைந்தபின்?

கோப்பை வடிவமைப்பில் பலரும் கோட்டைவிடும் இடம் இந்தப் பெயர்க் கேள்விதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் கோப்பை 1887லிருந்து இருக்கிறது. நூற்றுச் சொச்சம் பெயர்கள் பொறித்தபின் இடம் தீர்ந்துபோய், 2009இல் வெள்ளிப் பட்டை போட்ட கறுப்புப் பீடம் ஒன்றைத் தனியாகச் சேர்த்தார்கள். ஸ்டான்லி கோப்பைக்காரர்கள் இதைவிடத் தெளிவாகத் தீர்த்துவைத்திருக்கிறார்கள். கீழ்ப்பகுதி ஐந்து வளையங்களால் ஆனது, வளையத்துக்கு 13 அணிகள். எல்லாம் நிறைந்ததும் மேலே உள்ள பழைய வளையத்தைக் கழற்றி டொரோண்டோ அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றவற்றை ஒரு படி மேலேற்றி, கீழே புது வளையம் மாட்டுவார்கள். கோப்பை வளராது, வரலாறும் தொலையாது.

அந்த வளைய யோசனையைச் செய்வதற்குத் தேவையான கைத்திறன் அமெரிக்காவில் இல்லை, நமக்கு எட்டு மைல் தூரத்தில் இருக்கிறது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம், ஒவ்வொன்றும் தனித்தனியாக வார்த்தது. காவிரிக் கரை வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, உருக்கிய பித்தளையை ஊற்றி, ஆறியபின் கடைசல் பட்டறையில் மாட்டிச் சுற்றவிடுவார்கள். முரடாகக் கறுத்து வந்த வார்ப்பின் மேல் கடைசல் உளி பட்டதும் மஞ்சள் சுருள் சுருளாகப் பிரிந்து விழும், உள்ளிருந்து பொன் நிறம் கிளம்பும். தண்டில் உள்ள கணுக்களும் வரிகளும் அந்தச் சுற்றில்தான் பிறக்கின்றன. பிறகு ஒரு முனையில் வெளிமரையும் மறு முனையில் உள்மரையும் போடுவார்கள். பாகங்களைத் திருகினால் பொருத்திய இடம் ஒரு வரி போலத்தான் தெரியும். கடைக் கோப்பையின் நட்டும் கம்பியும் செய்யும் அதே வேலையை இங்கே பித்தளையே செய்கிறது. பாட்டி காலத்து விளக்கு இன்னும் மரை தேயாமல் நிற்பதை எத்தனையோ வீட்டில் பார்க்கலாம்.

இந்த முறையில் கோப்பை செய்தால் வடிவம் இப்படி வரும். அடியில் மரப் பீடம், அதன்மேல் பித்தளைப் பாதம், பாதத்துக்கு மேல் பெயர் வளையம், அதற்கு மேல் கை பிடிக்கும் தண்டு, உச்சியில் வாய் அகன்ற கிண்ணம். கிண்ணம் 20 செ.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன் என்றால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். தண்டு, பாதம், வளையம் சேர்த்து இன்னொரு இரண்டரை, மூன்று. 22 செ.மீ. விட்டமும் 8 செ.மீ. உயரமும் கொண்ட தேக்குப் பீடம் இரண்டு கிலோ. மொத்தம் ஆறு, ஆறரை. நான் சொன்ன வரம்புக்குள் வந்துவிடுகிறது. பீடத்தைக் கருங்கல்லில் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். மண்ணின் கல்லையே பரிசாகத் தருவது நல்ல எண்ணம்தான். பிரான்சின் பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தவருக்கு அந்தப் பாதையில் பதித்திருக்கும் வகைக் கல்லைத்தான் கோப்பையாகத் தருகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த கோப்பைகளில் ஒன்று. ஆனால் அதே அளவுப் பீடத்தைக் கருங்கல்லில் செய்தால் அது மட்டுமே எட்டு கிலோ. மரமே போதும்.

பெயர் வளையத்துக்கும் கணக்கு போட்டுப் பார்த்தேன். 12 செ.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 37 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். உயரம் 5 செ.மீ. வைத்தால் எட்டு வரி, வரிக்கு இரண்டு வருஷம். ஒரு வளையத்தில் 16 ஆண்டுகள். வருஷமும் ஊர்ப் பெயரும் மட்டும் இருக்கட்டும், நன்கொடையாளர் பெயரெல்லாம் மரப் பீடத்தின் அடிப்பக்கத்துக்குப் போகட்டும். 'திருநாகேஸ்வரம்' போன்ற நீளப் பெயரும் 15 செ.மீ.க்குள் அடங்கவேண்டும் என்பதால் எழுத்து 5 மி.மீ.க்கு மேல் போகமுடியாது. அந்த அளவில் லேசர் போட்டால் மெல்லிய கோடாகத்தான் விழும், பத்து முறை புளி போட்டுத் தேய்த்தால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. பாத்திரக் கடையில் சீர்வரிசைக் குடத்துக்குப் பெயர் வெட்டுகிறார்களே, அந்தக் கை வேலைதான் எனக்குப் பிடித்தது. முனை அதிர்ந்து அதிர்ந்து புள்ளி புள்ளியாக இறங்கும் எழுத்து ஆழமாக நிற்கும். கையெழுத்துக்குக் கையெழுத்து மாறும் என்பது உண்மை. வருஷா வருஷம் ஒரே ஆளிடம் கொடுத்தால் போயிற்று.

சரி, இதில் கபடி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். குழுவில் இளைஞர்கள் கேட்டதும் அதுதான். மேலே ஒரு வீரர் உருவம் வைத்தால்தான் விளையாட்டு தெரியும் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1999இல் லண்டன் கேரார்ட் நிறுவனம் செய்த ஐசிசி கோப்பையில் மட்டையடிக்கும் ஆள் யாரும் இல்லை. ஸ்டம்பும் பெயிலும் போல எழும் மூன்று வெள்ளித் தூண்கள் பேட்டிங், பௌலிங், ஃபீல்டிங் மூன்றையும் குறிக்கின்றன, அவை தாங்கும் பொன் உருண்டை பூமியாகவும் பந்தாகவும் தெரிகிறது. பார்த்தவுடன் கிரிக்கெட் என்று தெரிகிறதா இல்லையா? கபடிக்கு எண் ஏழு. கிண்ணத்தின் அடியிலிருந்து விளிம்பு வரை ஏழு வரிமேடுகள் எழுந்து, விளிம்பில் ஏழு இதழாக மெல்ல விரியட்டும். கிண்ணத்தின் இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு ஆழமான கோடு, நடுக்கோடு. இவ்வளவு போதும். வழுவழுப்பான கிண்ணத்தைவிட வரிமேடுள்ள கிண்ணம் வியர்த்த கையில் வழுக்காமலும் நிற்கும். பற்றவைத்த கைப்பிடி தேவைப்படாது. கீழே விழும் கோப்பையில் முதலில் உடைவது எப்போதும் கைப்பிடிதான்.

ஒரு எச்சரிக்கை. வரிமேடு வைத்த கிண்ணத்தைக் கடைசலில் மட்டும் முடிக்க முடியாது. உள்பக்கம் கடைசல், வெளிப்பக்கம் அரமும் கைமெருகும். பட்டறையில் விலை கேட்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் கிலோ கணக்கில் ஒரு தொகை சொல்லிவிட்டுப் பிறகு கூலி ஏறும். இன்னொன்றும் உண்டு. உருவம் விளக்கை அப்படியே நினைவூட்டக் கூடாது. உச்சியில் அன்னம், தண்டில் கோவில் அலங்காரம் எதுவும் வேண்டாம். எல்லா மதத்துப் பையன்களும் ஆடும் ஆட்டம், எல்லார் வீட்டு வாசலிலும் ஒருநாள் இந்தக் கோப்பை இறங்கவேண்டும்.

பித்தளை கறுக்குமே என்பது கடைசி ஆட்சேபம். கறுக்கும்தான். லாக்கர் பூச்சு கொடுத்தால் சில வருஷம் தாங்கும், பிறகு திட்டுத் திட்டாக உரிந்து அசிங்கமாகத் தெரியும். பூச்சு இல்லாமல் விட்டுவிட்டு, போட்டிக்கு முந்தின நாள் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிடுவதே மேல் என்று நினைக்கிறேன். முலாம் போனால் மறுபடி முலாம்தான் போடவேண்டும், பித்தளை தேய்த்தால் திரும்பி வரும்.

ஆக, குழுவில் நான் சொல்லப்போவது: சுழற்கோப்பை நாச்சியார்கோவிலில், நிரந்தரப் பரிசு தஞ்சாவூர்த் தட்டு, தனிநபர் பரிசு கடையில். சுவாமிமலை எனக்கு மனதில் நெருடிக்கொண்டேதான் இருக்கிறது. பணம் கூடினால், கோப்பையாக இல்லாமல், ஊர் மைதானத்தின் வாசலில் நிரந்தரமாக நிற்கும் சிலையாக அங்கே ஒன்று செய்யலாம். அங்கே 20 கிலோ ஒரு பிரச்சினையே இல்லை.

பட்டறைக்குப் போகும் முன் செய்யவேண்டியது ஒன்று. முழு அளவில் அட்டையில் வெட்டிக் கறுப்பு வண்ணம் அடித்து, மைதானத்தின் ஒரு ஓரத்தில் ஒருவரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, எதிர் ஓரத்திலிருந்து பாருங்கள். கிண்ணம் தலை கனத்துத் தெரிந்தால் வாயைக் குறைக்கலாம், தண்டு மெலிந்து தெரிந்தால் தடிக்க வைக்கலாம். உலோகத்தில் திருத்துவதற்கு வழியில்லை. வேலை கொடுக்கும்போதே இரண்டாவது பெயர் வளையத்தையும் சேர்த்து வார்க்கச் சொல்லிவிடுங்கள். 16 வருஷம் கழித்து வேறு உருக்கில் செய்தால் பித்தளையின் நிறம் ஒத்துவராது, மரையும் சேராது. அந்த வெற்று வளையத்தைத் துணியில் சுற்றி, விழாக்குழுவின் கணக்குப் புத்தகம் இருக்கும் பெட்டியிலேயே போட்டுவைக்கலாம்.